நாசரேத் வீடு நின்ற சிற்றூர்

இங்கிலாந்தின் கிழக்கே கடலை நோக்கிப் புடைத்து நிற்கும் நிலப்பகுதிக்கு நார்ஃபோக் என்று பெயர். அதன் வடபகுதியில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் உள்ளே, ஸ்டிஃப்கி என்னும் சிற்றாற்றின் கரையில் வால்சிங்காம் என்ற ஊர் இருக்கிறது. ஊர் என்றோமேயன்றி, நம் நாட்டுக் கணக்கில் அது ஒரு குக்கிராமமே. ஆயிரம் பேர்கூட அங்கு வாழவில்லை. சின்ன வால்சிங்காம், பெரிய வால்சிங்காம் என அடுத்தடுத்து இரண்டு உண்டு. வேடிக்கை யாதெனில், அவ்விரண்டில் சின்னதே பெரியது. பெரியதோ சில வீடுகளும் ஓர் ஆலயமுமாகச் சிறுத்துக் கிடக்கிறது. பெயர் வைத்தவர் காலத்தில் நிலைமை வேறாக இருந்திருக்க வேண்டும்.

நாங்கள் அவ்வூருக்குச் சென்றது ஊர் பார்க்கும் ஆவலால் அன்று. எங்கள் ஒரே மகள் லண்டன் மாநகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். தலைப்பேறு என்பதால் உடனிருந்து கவனிக்க அக்டோபர் மாதத்தில் நாங்கள் இருவரும் விமானம் ஏறினோம். நாள் நிறையுமுன்பே பேரன் பிறந்தான். கண்ணாடிப் பேழைக்குள் ஒன்பது நாள் இருந்தான். மருத்துவர்களும் செவிலியரும் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள். அவர்களைக் குறைகூற எங்களுக்கு ஏதுமில்லை. இரவுப் பணியிலிருந்த செவிலி ஒருவரே ஆபத்து வேளைத் திருமுழுக்கும் அளித்தார். அவனை நாங்கள் தூக்கியது ஒரே ஒருமுறை, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

அதன்பின் மகள் ஆலயத்துக்கு வரவில்லை. மாலையில் நாங்கள் செபமாலை தொடங்கினால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். நாங்களும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரேயொரு முறை வற்புறுத்தினோம். "இறைவன் கொடுத்தார், இறைவன் எடுத்துக்கொண்டார்" என்றும் சொல்லிவைத்தோம். அது தவறு என்பதை அவள் முகத்தைப் பார்த்த அக்கணமே அறிந்துகொண்டோம்.

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள், எங்கள் மருமகன், "மாமா, வால்சிங்காமிலே இப்ப வெள்ளைப்பூ பூத்திருக்கும். ஒருக்கா போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு பிள்ளையாக லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர். கோடைதோறும் தமிழர் யாத்திரைப் பேருந்தில் அவ்வூருக்குப் போய் வளர்ந்தவர். அது அன்னையின் திருத்தலம் என்பது எங்களுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆயினும் பூவைப் பார்க்கப் போகிறோம் என்றே நால்வரும் பேசிக்கொண்டோம்.

லண்டனிலிருந்து சற்றேறக்குறைய நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர். குளிர்கால வயல்கள் வெறுமையாய்க் கிடந்தன. கருங்கல்லோ செங்கல்லோ அதிகம் தென்படவில்லை. சுவர்களெல்லாம் சக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. அப்பகுதியின் மண்ணில் அது ஏராளமாய்க் கிடைப்பதால் ஆலயம், களஞ்சியம், மதில் அனைத்தையும் அதைக்கொண்டே கட்டியிருக்கின்றனர். மழையில் நனைந்தால் அக்கல் கறுத்துப் பளபளக்கிறது.

வால்சிங்காமின் நடுவில் ஒரு சிறு சதுக்கம். அதில் எண்கோண வடிவில் செங்கல்லால் கட்டிய பழைய தண்ணீர்க் குழாய் மண்டபம் ஒன்று நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டினது என்கிறார்கள். அதன் தலையில் ஓர் இரும்புத் தீச்சட்டி. நாட்டுக்கு நற்செய்தி வரும் நாளில் அதில் நெருப்பு மூட்டுவது வழக்கமாம். 1900-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கப் போரின் வெற்றிச் செய்தி வந்தபோது ஊரார் கொண்டாடிய கொண்டாட்டத்தில் அதன் உச்சிக் கூம்பு உடைந்து போயிற்று. இன்றும் அப்படியே நிற்கிறது. அருகே பழைய நீதிமன்றக் கூடம். சற்றுத் தொலைவில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிறைக்கூடம். மெதடிஸ்டு சபையார் 1794-இல் கட்டிய எளிய கோவில் ஒன்றும் உண்டு. மேல்மாடிகள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சட்ட வீடுகள் பல. இத்துணைச் சிற்றூருக்கு ஏன் இத்தனை விடுதிகள் என்று பார்ப்பவர் வியப்பர். காரணம் ஒன்றே: ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மன்னர் முதல் மாடு மேய்ப்பவர் வரை அனைவரும் இத்தெருவழியே நடந்தனர்.

மரபு இவ்வாறு கூறுகிறது. 1061-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பெருநிலக்கிழத்தியான ரிச்செல்டிஸ் என்னும் கைம்பெண்ணை அன்னை மரியா காட்சியில் நாசரேத்துக்கு அழைத்துச் சென்று, வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன அவ்வீட்டைக் காட்டினார். அளவெடுத்துக்கொண்டு அதைப் போன்றதொரு வீட்டை உன் ஊரில் கட்டு என்றார். இக்காட்சி மும்முறை வந்தது. பனி பெய்த புல்வெளியில் நனையாத இடங்கள் இரண்டு தென்பட, எதில் கட்டுவதென்று அறியாது ஓரிடத்தில் தச்சர் வேலை தொடங்கினர். எதுவும் பொருந்தவில்லை. அந்த அம்மையார் இரவெல்லாம் செபித்திருந்து விடியலில் வந்து பார்க்க, வீடு மற்றோரிடத்தில், எந்தத் தச்சனும் செய்ய இயலாத செம்மையுடன் நின்றுகொண்டிருந்தது. இக்கதையை நமக்குத் தருவது 1490-களில் அச்சான ஒரு பாடல். வரலாற்று அறிஞர்களோ, வீடு கட்டப்பட்டது பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் இருக்கக்கூடும் என்பர். அது எப்படியாயினும், அந்நூற்றாண்டின் நடுவில் அகுஸ்தீனார் சபைத் துறவியர் வந்து மடம் நிறுவிவிட்டனர் என்பது உறுதி. மரவீட்டின் அளவும் நமக்குத் தெரியும். 1479-இல் பயணி ஒருவர் அளந்து எழுதிவைத்தார். நீளம் 23 அடி ஆறு அங்குலம், அகலம் 12 அடி பத்து அங்குலம். நம் ஊர்ப்புறத்துக் கூரைவீடு ஒன்றின் அளவு, அவ்வளவே.

அரசர்களில் முதன்முதல் வந்தவர் மூன்றாம் ஹென்றி, 1226-இல். அவர் மகன் முதலாம் எட்வர்டு பலமுறை வந்தார். இளமையில் அவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோது ஏதோ உந்த எழுந்து நகர்ந்தாராம். அடுத்த நொடி கூரையிலிருந்து பெருங்கல் ஒன்று அவர் இருந்த இடத்தில் விழுந்ததாம். அன்று முதல் வால்சிங்காம் அன்னைமேல் தீராத பக்தி. பெயர்பெற்ற அறிஞர் எராஸ்மஸ் 1512-இல் வந்தார். பிற்பாடு யாத்திரைகளைப் பற்றி ஒரு கேலி உரையாடலும் எழுதினார். கேலிக்கு இடமில்லாமலும் இல்லை. 1347-இல் பிரான்சிஸ்கன் துறவியர் அதே ஊரில் மடம் அமைக்க வந்தபோது, காணிக்கை குறைந்துவிடும் என்று அகுஸ்தீனார் சபைத் துறவியர் எதிர்த்து மனுக்கொடுத்தனர். திருத்தலங்களுக்கே உரிய இவ்வகைச் சங்கடங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றே போலும்.

பழைய மடத்தின் நிலம் இப்போது தனியார் பண்ணையில் அடங்கியுள்ளது. கட்டணம் செலுத்தி உள்ளே போகவேண்டும். போனோம். ஆற்றின் இருகரையிலும் மரங்களின் அடியிலும், விரல் உயரமேயுள்ள வெண்பூக்கள் தலைகவிழ்ந்து பல்லாயிரமாய்ப் பூத்திருந்தன. ஸ்னோடிராப் என்பது அதன் பெயர். குளிர் நீங்குமுன்பே பூப்பது. அவற்றின் நடுவே, பரந்த புல்வெளியில், மடத்து ஆலயத்தின் கீழ்ப்புறச் சன்னல் வளைவு மட்டும் வானளாவி நிற்கிறது. கண்ணாடி இல்லை, கூரை இல்லை, பக்கச் சுவர்கள் இல்லை. ஒரு மாபெரும் ஆலயத்தில் எஞ்சியது அந்த வளைவும் அதனூடே தெரியும் ஆகாயமுமே. அதற்கு அருகே, வடக்குப் பக்கத்தில், 1961-இல் அகழ்ந்து பார்த்து, திருவீடு நின்ற இடத்தைக் கண்டறிந்தனர். இப்போது அங்கே இருப்பது புல்தான்.

அவ்விடத்தில் நின்றுதான் மருமகன் எட்டாம் ஹென்றியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1511-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அரசி கத்தரீனுக்கு ஆண்மகவு பிறந்தது. முந்தைய ஆண்டில் பிறந்தது இறந்தே பிறந்த மகள். ஆகவே அரசன் அம்மாதமே வால்சிங்காமுக்கு நன்றி செலுத்த வந்தான். பார்ஷம் என்னும் ஊரிலிருந்து வெறுங்காலுடன், ஜனவரிக் குளிரில் நடந்து வந்தான் என்பது மரபு. இவ்வளவு சொல்லிய பிறகே, கதை எங்கே போகிறது என்பது அவருக்கு நினைவு வந்தது போலும். பேச்சை நிறுத்திவிட்டார்.

மகள் பூவைப் பார்த்தபடியே, "அந்தப் பிள்ளை எத்தனை நாள் இருந்தது?" என்று கேட்டாள்.

ஐம்பத்திரண்டு நாள். பிப்ரவரி 22-ஆம் நாள் இறந்தது. அதைச் சொல்லாமல் மறைப்பது எங்களுக்கு முறையாகத் தோன்றவில்லை, சொன்னோம். அவள் ஒன்றும் கூறவில்லை. சற்று நேரம் கழித்து, "அரசி என்ன செய்தாள்?" என்றாள்.

அரசியின் கதையை நாங்கள் பிறகே முழுமையாகப் படித்தோம். கத்தரீன் பலமுறை கருவுற்றாள். பிழைத்து வளர்ந்தது ஒரே மகள். 1513-இல் நாட்டின் போர் வெற்றிக்குப் பின் அவள் இவ்விடம் நாடி வந்தாள். பிள்ளையை இழந்த இரண்டரை ஆண்டுக்குப்பின் வந்து, இங்கே என்ன வேண்டினாள் என்பதை யார் அறிவார்? பிற்காலத்தில் கணவன் அவளைத் தள்ளிவைத்தான். 1536 ஜனவரியில், ஆதரவற்ற நிலையில் மரணப்படுக்கையில் கிடந்தபோது தன் இறுதி விருப்பங்களை எழுதச் செய்தாள். அவற்றுள் ஒன்று: தன் சார்பில் யாரேனும் வால்சிங்காம் அன்னையிடம் யாத்திரை போகவேண்டும், போகும் வழியில் ஏழைகளுக்கு இருபது பொற்காசுகளைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும். கேட்டது கிடைக்காத ஒரு தாய் கடைசியில் இவ்வூரைத்தான் நினைத்தாள். இதை அன்றே மகளிடம் சொல்லத் தெரியாமல் போயிற்றே என்ற குறை எங்களுக்கு இன்றும் உண்டு.

அரசி இறந்து இரண்டு ஆண்டுகளில் வால்சிங்காமும் அழிந்தது. வெறுங்காலுடன் நடந்த அதே ஹென்றியின் ஆணைப்படி! மடத்தலைவர் ரிச்சர்டு வோவெல் அரசனுக்கு இணங்கிக் கையொப்பமிட்டு, ஆண்டுக்கு நூறு பவுன் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டார். துணைத்தலைவர் நிக்கலஸ் மைலமோ இணங்கவில்லை. மடங்கள் ஒடுக்கப்படுவதை எதிர்த்துச் சதி செய்தார்கள் என்று 1537-இல் பதினொருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மைலமும், ஜார்ஜ் கிஸ்பரோ என்ற பொதுநிலையினரும் மே 30-ஆம் நாள் இவ்வூரிலேயே கொல்லப்பட்டனர். அவ்விடம் இன்றும் மறைசாட்சிகள் வயல் எனப்படுகிறது. மடத்தலைவரைப் பழிப்பது எளிது. நாம் அவரிடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருவரும் துணிந்து விடை சொல்லவில்லை.

1538 கோடையில் அன்னையின் சிலையை லண்டனுக்குக் கொண்டுபோய் செல்சியில் எரித்தனர். அரசனுடைய கணக்கேட்டில், வால்சிங்காமில் அவன் பெயரால் எரியும் மெழுகுவர்த்திக்குரிய செலவு வழக்கமாக எழுதப்பட்டு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதே வரிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. மடத்து நிலம் தொண்ணூறு பவுனுக்கு விலைபோயிற்று.

ஆனால் எங்கள் மனத்தில் அகலாது பதிந்தது அரசனும் அல்லன், துறவியரும் அல்லர். பெயர் தெரியாத ஒரு பெண். சிலை எரிந்து ஓரிரு ஆண்டுக்குள், அருகிலுள்ள வெல்ஸ் என்னும் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஓர் ஏழைப்பெண், லண்டனுக்குப் போன பின்னும் அச்சிலை புதுமை செய்தது என்று யாரிடமோ சொன்னாள். அவ்வளவே அவள் குற்றம். ஜனவரி மாதத்துச் சந்தைநாளில், காலையிலேயே அவளை வால்சிங்காம் சந்தையில் தொழுமரத்தில் மாட்டினர். பொய்க்கதை பரப்புபவள் என்று எழுதிய தாளை அவள் தலையில் கட்டினர். பிறகு வண்டியில் ஏற்றிச் சந்தையைச் சுற்றிக் கொண்டுவந்தனர். இளைஞர்களும் சிறுவர்களும் பனிக்கட்டியை உருட்டி அவள்மேல் எறிந்தனர். தண்டனை கொடுத்த அதிகாரி சர் ரோஜர் டவுன்ஷெண்டு, அரசனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்துவிட்டு, இச்சிலை இன்னும் சிலருடைய தலையை விட்டு வெளியேறவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளைச் சுற்றிவந்த அச்சந்தைத் தெருக்களில்தான் நாங்கள் அன்று நடந்தோம். தேநீர்க்கடை ஒன்றும் செபமாலை விற்கும் கடை ஒன்றும் திறந்திருந்தன.

திருத்தலத்தின் மறுபிறப்பு ஊருக்குள் தொடங்கவில்லை. ஊருக்கு ஒரு மைல் வெளியே, ஹௌட்டன் என்னும் இடத்தில் தொடங்கியது. அங்கே 1340-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, புனித கத்தரீன் பெயரிலான சிறு கோவில் இருக்கிறது. யாத்திரீகர்கள் இங்கே காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி மைலை வெறுங்காலுடன் நடந்தனர் என்பதால் அதற்கு ஸ்லிப்பர் சாப்பல், அதாவது காலணிச் சிற்றாலயம், என்ற பெயர் வழங்குகிறது. திருத்தலத்தை இடித்தவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆகையால் பிழைத்தது. ஏழைகள் குடியிருப்பாயிற்று, மாட்டுத்தொழுவமாயிற்று, களஞ்சியமாயிற்று.

சார்லட் பாய்டு என்னும் மாது இதைக் கண்ணுற்றார். அவர் 1837-இல் பிறந்தவர். லண்டனில் அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திவந்தவர். ஆங்கிலிக்கன் சபையில் இருந்த காலத்திலேயே இதை மீட்கவேண்டும் என முயன்றார், 1894-இல் கத்தோலிக்கரானார், 1896-இல் இதை விலைக்கு வாங்கினார். வாங்கிப் பழுதுபார்க்கச் செய்து, டவுன்சைடு மடத்துத் துறவியரிடம் ஒப்படைத்தார். ஆனால் வால்சிங்காம் அன்னைக்கு உரிய தலம் 1897-இல் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கிங்ஸ் லின் நகரப் பங்கில் ஏற்படுத்தப்பட்டது. அவர் மீட்ட கோவில் மூடியே கிடந்தது. 1906-இல் அவர் இறந்தார். 1934 ஆகஸ்டில்தான் அங்கே திருப்பலி நிறைவேறியது. அம்மாதம் 19-ஆம் நாள் கர்தினால் போர்ன் தலைமையில் ஆயிரமாயிரம் மக்கள் வந்து, அது நாட்டின் அன்னை மரியா திருத்தலம் ஆயிற்று. அன்று அவர் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அத்தலத்துக்குப் பேராலயத் தகுதி அளித்தார்.

இதற்கிடையே ஊருக்குள் ஆங்கிலிக்கன் சபையாரும் தங்கள் பங்குக்குருவான ஹோப் பேட்டனின் முயற்சியால் 1931-இல் திருவீட்டை மறுபடி எழுப்பினர். 1964-இல் பயணிகள் வண்டி நின்றுபோன புகைவண்டி நிலையத்தை ஆர்த்தடாக்ஸ் சபையார் சிறு கோவிலாக்கி, கூரைமேல் வெங்காய வடிவக் குமிழ் ஒன்றும் வைத்திருக்கின்றனர். சீட்டு வாங்கிய இடத்தில் திருவுருவப் படங்கள்! இது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

தண்டவாளம் அகற்றப்பட்ட அப்பாதையே இன்று ஹௌட்டனுக்கு நடந்துசெல்லும் வழி. காரில் போய்விடலாம் என்றோம். மகள் நடக்கலாம் என்றாள். குளிரில் நால்வரும் நடந்தோம். வழியில் மருமகன் தம் சிறுவயதை நினைவுகூர்ந்தார். கோடை யாத்திரையில் இவ்வழியெல்லாம் தமிழ்ப் பாட்டாகவே இருக்குமாம். போரில் வீடிழந்து வந்தவர்கள், ஊரில் யாருடைய செய்தி தெரியும் என்று கேட்டுக்கொண்டே நடப்பார்களாம். திருப்பலி முடிந்ததும் வயலோரம் பொதிசோறு பிரிப்பார்களாம். காணாமற்போன தம்பியின் படத்தை அவர் தாயார் கைப்பையில் வைத்து ஆண்டுதோறும் இங்கே கொண்டுவந்தாராம். "அவர் திரும்பி வந்தாரா?" என்று எங்கள் மகள் கேட்டாள். மணமாகி மூன்றாண்டுகளில் இதை அவள் கேட்பது முதன்முறை என்று தோன்றிற்று. "இல்லை" என்றார். "அம்மா இப்பவும் கொண்டுதான் வாறவா."

சிற்றாலயம் உண்மையிலேயே சிறியது. இருபது முப்பது பேர் நெருங்கி நின்றால் நிறைந்துவிடும். மடத்தின் பழைய முத்திரையில் பதிந்திருந்த உருவத்தைப் பார்த்துச் செதுக்கிய சிலை உள்ளே இருக்கிறது. அன்னை அரியணையில் அமர்ந்திருக்கிறார், கையில் லீலி மலர், மடியில் குழந்தை. நாங்கள் முழந்தாளிட்டோம். மகள் கதவருகே நின்றாள். எவ்வளவு நேரம் என்று நாங்கள் பார்க்கவில்லை. எழுந்து திரும்பியபோது அங்கே அவள் இல்லை.

ஒட்டியுள்ள சிறு மண்டபத்தில் மெழுகுவர்த்திகள் ஏற்றும் இடம் உண்டு. அங்கே கண்டோம். இரண்டு ஏற்றியிருந்தாள். ஒன்று யாருக்கென்று எங்களுக்குத் தெரியும். மற்றொன்று காணாமற்போன அந்தத் தம்பிக்கா, அந்த அரசியின் பிள்ளைக்கா என்று நாங்கள் கேட்கவில்லை. செபித்தாளா என்பதையும் கேட்கவில்லை. காற்றில் ஒன்று அணைந்து அணைந்து போயிற்று. அவளும் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டம்மா போய்க் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

காருக்குத் திரும்பி வர மீண்டும் ஒரு மைல் நடக்கவேண்டியிருந்தது. நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. காலையில் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை வண்டிக்குள் இருந்தபடியே உண்டோம். குடுவைத் தேநீர் ஆறிப்போயிருந்தது.